அம்மாச்சி ஜாக்கெட்டில் இருந்த அரை இஞ்சு

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். மதுரை செல்லூரில் என் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. கல்யாண ஜாக்கெட்டுக்கு வருகிற பெண்கள் வழக்கமாகப் போனைத்தான் நீட்டுவார்கள். ஏதாவது ஒரு நடிகையின் படம் இருக்கும், கை நிறைய ஆரி வேலை இருக்கும். இவள் போனை எடுக்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய போட்டோவை எடுத்து கட்டிங் மேசையில் வைத்தாள். கறுப்பு வெள்ளை. ஸ்டுடியோ திரைக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள். பெண்ணுக்கு முழங்கைக்குக் கொஞ்சம் மேலே முடிகிற கை. தோளில் நல்ல பஃப், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், கொஞ்சம்கூடச் சரியாமல் எழும்பி நிற்கிறது.

"இது எங்க அம்மாச்சி, அத்தை. 1979-ல பரமக்குடியில எடுத்த போட்டோ. எனக்கு இதே கை வேணும். இதே மாதிரி நிக்கணும்."

அவள் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன்டி, என் கல்யாண ஆல்பத்துல ஒண்ணுமே உனக்குப் பிடிக்கலையா?"

"உன்னோடது பழசும்மா."

அம்மாவின் கல்யாணம் 1999-ல். இருபது வருஷம் முந்தி நடந்த கல்யாணம் அந்தப் பெண்ணுக்கு அழகாகத் தெரிகிறது, பிந்தி நடந்தது பழசாகத் தெரிகிறது. இதை நான் ஐந்தாறு வருஷமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் ஜாக்கெட்டைக் கொண்டு வருகிறவர்கள் அதை அளவு ஜாக்கெட்டாகத்தான் கொண்டு வருகிறார்கள். மாடல் வேண்டும் என்றால் பாட்டியிடம்தான் போகிறார்கள்.

என் அண்ணன் மகள் சென்னையில் ஃபேஷன் டிசைன் படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கு ஒரு கணக்கே இருக்கு அத்தை" என்றாள். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் லேவர் என்பவர் 1937-ல் எழுதி வைத்தாராம். ஒரு உடை அதன் காலம் போய்ப் பத்து வருஷம் ஆனால் சகிக்காது. இருபது வருஷத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். முப்பதில் வேடிக்கையாக இருக்கும். ஐம்பதை எட்டும்போது ஒரு தனி ருசி வந்துவிடும், எழுபதில் மனசை இழுக்கும், நூற்றைம்பது வருஷம் ஆனால் அழகு. கேட்டதும் எனக்கு அந்தப் போட்டோதான் ஞாபகம் வந்தது. அம்மாச்சிக்கு நாற்பத்தைந்து வருஷம் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் போல.

அந்தப் பஃப் கை அம்மாச்சி காலத்திலும் புதுசாக வந்ததில்லை. ஐரோப்பாவில் 1830-களில் பெண்கள் ஊதிய கை போட்டார்கள், பிறகு அது போய்விட்டது, 1890-களில் இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. புடவையோடு இப்படி வெட்டித் தைத்த ரவிக்கை போடும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் தாகூரின் அண்ணி ஞானதாநந்தினி தேவி. 1860-களில் கணவரோடு பம்பாய்க்குப் போய் வந்தவர். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெண்களின் கையும் கழுத்தும் அப்படித்தான் நம் ரவிக்கைக்குள் வந்தன. நம் பழைய சினிமாக்களில் 1940-கள், 50-களில் கதாநாயகிகள் பஃப் கையோடுதான் நிற்பார்கள். அப்புறம் கை இறுகியது, சிலருக்குக் கையே இல்லாமல் போனது. 1970-களின் கடைசியில் மறுபடி ஊதியது. 1981 ஜூலையில் டயானா கல்யாணத்துக்குப் போட்ட கவுனில் இருந்த கையை உலகமே பார்த்தது.

நான் எங்கே வந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா புதுமண்டபத்தில் தைத்தவர். மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய கல் மண்டபம் அது. நாயக்க ராஜாக்களும் மீனாட்சி கல்யாணமும் சிலையாக நிற்கிற தூண்களுக்கு நடுவில் வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்கு வெல்வெட் உடுப்பு தைப்பார்கள், சாமிக்குக் குடையும், குழாய் மாதிரித் தொங்குகிற தொம்பையும் தைப்பார்கள். மற்ற நாளில் ஜாக்கெட், பாவாடை, சின்னப் பிள்ளைகளின் கவுன். கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அந்தக் கல்லின் குளிர்ச்சி எனக்கு இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது.

1987-ல் பத்தாவது முடித்ததும் அப்பாவுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தேன். ஹெம்மிங், ஹூக், காஜா, எல்லாம் கைவேலை. அப்போது பஃப் கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெட்டுவது அப்பா, மெஷினில் ஏற்றுவது சித்தப்பா, என் கைக்கு வரும்போது கை ஏற்கெனவே உடம்போடு சேர்ந்திருக்கும். 1992-ல் அப்பா கத்திரியை என்னிடம் கொடுத்தபோது ஊரில் எல்லோரும் ஒட்டின கைக்கு மாறியிருந்தார்கள். அதனால் முப்பது வருஷத்துக்கு மேல் தைத்தும், வளர்ந்த பெண்ணுக்கு ஒரு பஃப் கையை நானாக வெட்டியதே இல்லை. குழந்தை கவுனுக்கு எத்தனையோ வைத்திருக்கிறேன். அது வேறு. குழந்தையின் தோள் சின்னது, துணி லேசு, சுருக்கு எப்படி இழுத்தாலும் நிற்கும்.

அந்தப் பெண்ணிடம் "செஞ்சிரலாம் பாப்பா" என்று சொல்லிவிட்டேன். முதலில் ஒரு காட்டன் துணியில் சாம்பிள் போட்டேன். பேப்பரில் சாதாரணக் கையை வரைந்து, நட்டநடுவில் நறுக்கி 4 இஞ்சு விரித்தேன். கைத்தலையை ஒன்றரை இஞ்சு உயர்த்தினேன். பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூலை இழுத்துச் சுருக்கி, கைக்குழியைச் சுற்றிலும் சமமாகப் பரப்பிச் சேர்த்தேன். அவள் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். பஃப் தோளிலிருந்து நழுவி, மேல்கையில் பை மாதிரி தொங்கியது.

இரண்டாவது சாம்பிளில் உள்ளே கேன்வாஸ் வைத்தேன். நின்றது, ஆனால் அட்டை வைத்த மாதிரி விறைத்துக்கொண்டது. தாலி கட்டும்போதும் மாலை மாற்றும்போதும் கையைத் தூக்க வேண்டுமே? அவள் தூக்கிக் காட்டினாள், பஃப் காதில் போய் இடித்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் சாதாரணத் தையல்காரர்கள் தினம் பத்து பதினைந்து வெட்டிப் போட்ட ஒரு கை, இன்றைக்கு எனக்கு வரவில்லை. அப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

காலையில் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "அந்த ஜாக்கெட் இருக்கா பாப்பா? போட்டோ இல்ல, அந்த ஜாக்கெட்டே?"

இருந்தது. அம்மாச்சி இறந்து நாலு வருஷம் ஆகிறதாம். டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவையோடு வைத்திருந்தார்கள். அரக்குப் பட்டு. புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிந்து போயிருந்தது. பட்டை ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால் அப்படித்தான் ஆகும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். ஜாக்கெட் மட்டும் நன்றாக இருந்தது. அந்துருண்டை வாசனையும் அதற்கு அடியில் மங்கலாக ஒரு சந்தன வாசனையும். நான் அதை மேசையில் விரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன்.

ஒரு தையல்காரிக்கு ஜாக்கெட்டின் உள்பக்கம் கடிதம் மாதிரி. யார் தைத்தது என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. பரமக்குடியில் ஏதோ ஒரு கடை, ஏதோ ஒரு கை. அந்த மனிதர் என்ன செய்திருந்தார் என்பதை இஞ்சு டேப்பை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் ஷோல்டர். அந்த மார்பளவுக்கு எவ்வளவு வர வேண்டுமோ அதைவிட இரண்டு பக்கமும் அரை இஞ்சு குறைத்து வெட்டியிருந்தார். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பஃப் உட்கார எலும்பு வேண்டும். சாதாரண ஜாக்கெட் மாதிரி ஷோல்டரைத் தோள் முனை வரைக்கும் கொண்டு போனால், பஃப் ஆரம்பிக்கிற இடத்தில் கீழே தாங்க ஒன்றும் இல்லை, அது வழியத்தான் செய்யும். அரை இஞ்சு உள்ளே தள்ளினால் தோள் முனையே அதற்குப் பீடம்.

அப்புறம் சுருக்கு. நான் கைக்குழி முழுக்கப் பரப்பியிருந்தேன். அவர் உச்சியில் 5 இஞ்சுக்குள் மொத்தச் சுருக்கையும் அடைத்துவிட்டு, அக்குள் பக்கம் ஒரு சுருக்குகூட இல்லாமல் வழவழப்பாக விட்டிருந்தார். அதனால்தான் போட்டோவில் அந்தப் பெண் மாப்பிள்ளை பக்கம் கையை ஒட்டி வைத்திருந்தும் பஃப் பிதுங்கவில்லை.

மூன்றாவதுதான் என் கண்ணில் தண்ணீர் வர வைத்தது. கைத்தலைக்கு உள்ளே, வெளியே தெரியாமல், ஒரு ஆர்கண்டிப் பட்டை. மெல்லிசான, விறைப்பான பருத்தித் துணி அது. இரண்டு இஞ்சு அகலம், ஒரு சாண் நீளத்துக்கும் மேல் இருக்கும். அதை விசிறி மாதிரி பொடிப் பொடியாக மடித்து, மெஷினில் போடாமல் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுச் சேர்த்திருந்தார். விரலால் அழுத்தினேன். அமுங்கியது. விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பியது. வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் நசுங்கிக் கிடந்த துணி, விரலை எடுத்தால் எழுந்து நிற்கிறது. நான் நாலைந்து தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் பக்கத் தையலைக் கவனித்தேன். இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றேகால் இஞ்சு துணி விட்டு, நாலு வரிசை தையல் போட்டிருந்தார். இதை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு விளக்க வேண்டாம். உடம்பு போட்டால் உள்வரிசையை ஒன்று பிரித்துக்கொள்வார்கள், இன்னும் போட்டால் இன்னொன்று. இந்த ஜாக்கெட்டில் உள்பக்கத்து இரண்டு வரிசை பிரிக்கப்பட்டிருந்தது. நூல் இல்லை, ஆனால் பட்டில் ஊசி போன துளை மறையாது. புள்ளிப் புள்ளியாக இரண்டு கோடுகள் இருந்தன.

அதைக் காட்டியதும் பெண்ணின் அம்மா துணியை வாங்கி விரலால் தடவினார். "ஒண்ணு நான் பொறந்ததுக்கு அப்புறம் பிரிச்சிருப்பாங்க. இன்னொண்ணு என் தம்பிக்கு அப்புறம்" என்றார். "என் காதுகுத்துல அம்மா இதைத்தான் போட்டிருக்காங்க, போட்டோ இருக்கு." அதுவரைக்கும் அவருக்கு மகள் மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது.

ஆர்கண்டிக்காக விளக்குத்தூண் பக்கம் அலைந்தேன். பல மேட்சிங் சென்டர்களில் நெட் துணியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். நெட் நிற்கும், ஆனால் குத்தும், வேர்வையில் அரிக்கும். நாலாவது கடையில் ஒரு வயசானவர் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது சாம்பிள் நின்றது. அவள் கையைத் தூக்கினாள், குனிந்தாள், அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். அமுங்கியது, எழுந்தது.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதே மாதத்தில் இன்னொரு பெண் ஒரு ரெடிமேட் ஜாக்கெட்டைக் கொண்டு வந்தாள். பெரிய கடையில் வாங்கியது, 1,800 ரூபாய். 'ரெட்ரோ' என்று அட்டை தொங்கியது. பஃப் கை, பின்னால் ஜன்னல், முடிச்சுக் கயிறு, பார்க்க அப்படியே 1980. மார்பில் கொஞ்சம் பிடிக்கிறது, அரை இஞ்சு பிரித்து விடுங்கள் என்று கேட்டாள். திருப்பிப் பார்த்தால் உள்ளே கால் இஞ்சுதான் துணி, அதையும் ஓவர்லாக் அடித்து ஒட்ட நறுக்கியிருந்தார்கள். பிரிக்க ஒன்றுமே இல்லை. இரண்டு தடவை போட்ட ஜாக்கெட், அவ்வளவுதான் அதன் ஆயுசு. அவள் முகத்தைப் பார்த்து "முடியாதும்மா" என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கம்பெனியில் ஏன் அப்படி வெட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டில் நூறு பீஸ் எடுப்பார்கள். ஒரு பீஸில் பக்கத்துக்கு முக்கால் இஞ்சு மிச்சம் பிடித்தால், ஆயிரம் பீஸில் எத்தனையோ மீட்டர் மிச்சம். அவர்கள் கணக்கில் அது சரி. ஆனால் பழைய மாடல் என்று சொல்லி விற்கும்போது, அந்த மாடலை நாற்பது வருஷம் வாழ வைத்த ஒன்றேகால் இஞ்சையும் சேர்த்துக் கொண்டு வர வேண்டாமா? வெளிப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்பக்கத்தை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பேண்ட்டிலும் இதே கதைதான். என் மகனுக்கு 22 வயசு. போன தீபாவளிக்குத் தொளதொளவென்று ஒரு பேண்ட் வாங்கி வந்தான், கால் மூடுகிற அகலம். என் தாய்மாமா 1977-ல் எடுத்த போட்டோ ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தொடையில் பிடித்து, முழங்காலில் பிடித்து, கீழே 24 இஞ்சு பாட்டம். 'பெல்ஸ்' என்போம். அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் போட்ட பேண்ட் அது. 1960-களில் அங்கே பிள்ளைகள் ராணுவ உபரிக் கடைகளில் மலிவாக வாங்கிப் போட்டு, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மகன் அந்தப் போட்டோவைக் காட்டி, தன் பழைய ஜீன்ஸ் நாலையும் அந்த மாதிரி ஆக்கித் தரச் சொன்னான். அவன் காலேஜில் சேர்ந்தபோது எடுத்தவை எல்லாம், காலோடு ஒட்டின பென்சில் பிட்.

எங்கள் சின்ன வயசில் இது தலைகீழாக நடந்தது. 1980-களில் பெல்ஸ் போனபோது, அப்பாவிடம் பேண்ட் பேண்ட்டாகக் கொண்டு வந்து கொட்டினார்கள். "பாட்டத்தைப் பிடிச்சுக் குடுங்கண்ணே" என்பார்கள். அப்பா முழங்காலிலிருந்து கோடு போட்டு, 24-ஐ 15 ஆக்கிக் கொடுப்பார். வெட்டி விழுந்த முக்கோணத் துண்டுகளை அம்மா சேர்த்து வைத்துப் பை தைப்பாள். அந்த டெரிகாட்டன் பைகளில்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் கொண்டு போனேன். ஆறு வருஷம் கிழியவில்லை. அகலமாக இருப்பதைக் குறைத்துவிடலாம். இல்லாத துணியை எங்கிருந்து கொண்டு வருவது? மகனுடைய ஜீன்ஸில் தையலோரம் பிரிக்க அரை இஞ்சு இல்லை. வெளிப்பக்கத் தையலைப் பிரித்து முக்கோணத் துண்டு வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேண்ட் நன்றாக வந்தது, மற்ற இரண்டும் வேலைக்கு ஆகவில்லை.

தாவணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாவணி திரும்பி வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னிடமும் மாதத்துக்கு ஏழெட்டு வருகிறது. சடங்குக்கு, கல்யாணத்துக்கு, காலேஜ் பொங்கல் விழாவுக்கு. உள்ளே கேன்கேன் என்கிற விறைத்த வலைத்துணி வைத்துப் பாவாடையைக் குடை மாதிரி விரித்து, மேலே பளபளவென்று ஒரு துணி. அழகாக இருக்கிறது. ஆனால் நாங்கள் போட்டது அதில்லை. ஒன்பதாவது வந்ததும் பள்ளிக்கூட யூனிஃபார்மே தாவணிதான். வாயில் துணி, கஞ்சி போட்டு, காலையில் ஐந்து நிமிஷத்தில் சுற்றி, இடுப்பில் ஒரு ஊக்கு, ஓடிப் போய் பஸ்ஸைப் பிடிப்போம். 1990-களில் சுடிதார் வந்ததும் தாவணி கொடியிலிருந்து இறங்கிவிட்டது. அன்றாடத் துணியாகப் போனது, விசேஷத் துணியாகத் திரும்பி வந்திருக்கிறது. சுடிதாரில் சைக்கிள் மிதிப்பதும் பஸ் ஏறுவதும் சுலபம், அதனால் எனக்கு இதில் வருத்தமில்லை. திரும்பி வந்தது அதேதான் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

சுங்குடி, கண்டாங்கிப் புடவை விஷயத்தில் எனக்கு மனசு நிறைந்த சந்தோஷம். நான் வயசுக்கு வந்த காலத்தில் சுங்குடி என்றால் வீட்டில் வயசானவர்கள் கட்டுவது. நைலெக்ஸும் பாலியஸ்டரும்தான் எங்களுக்கு வேண்டும், துவைத்து உதறினால் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம். இப்போது ஐடியில் வேலை பார்க்கிற பெண்கள் சுங்குடியைக் கட்டிக்கொண்டு வந்து, அதற்கு முழங்கை வரை கை வைத்து, போட் நெக் கேட்கிறார்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-லும் காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. சுங்குடி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இஸ்திரி போடாத புடவையைக் கேட்டு வாங்கித் தடவிப் பாருங்கள். நகத்தால் துணியைக் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியிருந்தால், ஒவ்வொரு புள்ளியும் விரலில் மொட்டு மாதிரி தட்டும். எங்கள் ஊர் சௌராஷ்டிரப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் அப்படி முடிச்சுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அச்சடித்த புள்ளி மொழுக்கென்று இருக்கும். அதுவும் சுங்குடி என்ற பெயரில்தான் விற்கிறது.

ஒரு விஷயத்தை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். என் அம்மாவுக்கு 1968-ல் கல்யாணம். கூறைப்புடவை காஞ்சிப் பட்டு, பாலும் பழமும் கட்டம். 1961-ல் வந்த சினிமாவின் பெயரையே அந்தச் சின்னக் கட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். கோர்வை வைத்து நெய்தது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் சேர்கிற இடத்தில் ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதற்கு ஊடையைக் கொண்டு போகிற நாடா மூன்று ஓட வேண்டும், தறியில் நெசவாளியோடு கரைக்கென்று இன்னொரு ஆள் உட்கார வேண்டும். 1996-ல் அப்பாவுக்கு ஆபரேஷன். தெருவில் 'பழைய பட்டுப்புடவை, பழைய ஜரிகை' என்று கூவிக்கொண்டு ஒருத்தர் வந்தார். கல்லில் ஜரிகையை உரசிப் பார்த்தார், தராசில் போட்டார், 900 ரூபாய் கொடுத்தார். அவர்கள் புடவையை எரித்துவிடுவார்கள். பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் தெரு முனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றாள்.

இப்போது அதே கட்டம் கடைகளில் வந்திருக்கிறது. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்காகக் காஞ்சிபுரத்தில் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த அந்த நீலமும் வந்திருக்கிறது. போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் பாலும் பழமும் கட்டத்தில் புதுப் பட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். ஃபால்ஸ் அடிக்கும்போது கரையைத் திருப்பிப் பார்த்தேன். கோர்வை இல்லை. ஒரே ஊடை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடியிருந்தது. அதனால் கரையின் நிறத்தில் உடலின் நிறம் கலந்து கொஞ்சம் மங்கியிருந்தது. நெய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். தறியில் இரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாத விலையில் நாம் புடவை கேட்கிறோம். அந்த வாடிக்கையாளருக்குப் புடவை ரொம்பப் பிடித்திருந்தது. நல்லாயிருக்கு என்று நானும் மனசாரச் சொன்னேன். அம்மாவின் புடவை ஞாபகம் வந்ததை அவரிடம் சொல்லவில்லை.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. அரக்குப் பட்டில் புது ஜாக்கெட், ஷோல்டரில் அரை இஞ்சு குறைத்து, உள்ளே ஆர்கண்டி வைத்து, பக்கத்தில் ஒன்றேகால் இஞ்சு விட்டு, நாலு தையல் போட்டுக் கொடுத்தேன். வாங்க வந்தபோது உள்ளே திருப்பிப் பார்த்து, "இவ்வளவு துணி எதுக்கு அத்தை, தடிப்பா இருக்காதா?" என்று கேட்டாள். அவள் அம்மாதான் பதில் சொன்னார்: "இருக்கட்டும்டி."

அதற்கப்புறம் பஃப் கைக்கென்றே பதினோரு பேர் வந்துவிட்டார்கள். பரமக்குடிக்காரர் வெட்டிய அளவைப் பேப்பரில் எடுத்து, பழுப்பு அட்டையில் ஒட்டி, சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். அவர் பெயர் தெரியாததால் 'பரமக்குடி கை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு போன் வந்தது. எங்கள் பழைய தெருவில் இருந்த ஒரு அக்கா. 1994-ல் அவர் காலேஜ் முதல் வருஷம் போனபோது நான் ஒரு சுடிதார் தைத்துக் கொடுத்தேனாம், மஸ்டர்டு கலர், பாட்டியாலா பேண்ட். அவருடைய மகள் அதைப் பீரோவில் கண்டுபிடித்து, இப்படியே போட்டுக்கொள்கிறேன் என்கிறாளாம். தோளில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறதாம். வியாழக்கிழமை கொண்டு வருகிறார்கள். அப்போது எனக்கு 22 வயசு, கத்திரி கைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. உள்ளே எவ்வளவு துணி விட்டேன் என்று ஞாபகமில்லை. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.